கண் உயரத்தில்

நாயின் கயிறு மரக்கிளையில் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் அதிசயம் எதுவும் இல்லை. இந்தக் காட்டுப் பூங்காவில் கீழே கிடக்கிற எதையும் பார்த்தவர்கள் எடுத்து, தேடி வருகிறவர் கண்ணில் படுகிற மாதிரி பக்கத்துக் கிளையில் மாட்டிவிட்டுப் போவது பழக்கம். ஆனால் இந்தக் கயிறு அவன் கைக்கு எட்டவில்லை. குதிகாலைத் தூக்கி, கையை முழுக்க நீட்டி, ஒரு குதி குதித்தும் பார்த்துவிட்டான். விரல் நுனிக்கும் கயிற்றுக்கும் நடுவே இன்னொரு ஆள் நிற்கலாம் போல இடைவெளி இருந்தது.

கயிற்றுக்கு நேர் கீழே நாய் உட்கார்ந்திருந்தது. குரைக்கவில்லை. வாலை ஆட்டவில்லை. அதை நடத்திக்கொண்டு காட்டுக்குள் போன அவன் மனைவியைக் காணவில்லை.

"என்ன தம்பி, ஆபீசர் மட்டும் ரவுண்ட்ஸ் முடிச்சிட்டு வந்துட்டாரு?" கேட் பக்கத்துக் கூண்டிலிருந்து வாட்ச்மேன் தலையை நீட்டினார். "வீட்டம்மா எங்க?"

நாய்க்கு ஆபீசர் என்று பேர் வைத்தது அவர்தான். நாள் முழுக்க எல்லார் வேலையையும் சுற்றிப் பார்க்கும், தான் ஒரு வேலையும் செய்யாது, சாப்பாடு தாமதமானால் மட்டும் கோபித்துக்கொள்ளும் என்பதால்.

"அவ வரலையே அண்ணே, போன் அடிச்சும் எடுக்கல. இந்தக் கயித்த இவ்வளவு உயரத்துல யாரு மாட்டினது?"

"எவனாவது நெட்டையன் வந்திருப்பான்." சிரித்துக்கொண்டே மேலே பார்த்தார். பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பிறகு சிரிக்கவில்லை.

அவன் பாதை வேலைக்காரன். விழுந்த மரத்தை அறுத்து ஒதுக்குவது, பாதையை மூடுகிற புதரை வெட்டுவது, சைக்கிள் சக்கரம் உழுதுபோட்ட பள்ளத்தை மண் கொட்டிக் கெட்டிப்பது, வழிகாட்டிப் பலகைகளின் அம்புக்குறிக்கு வண்ணம் பூசுவது. அவன் மனைவி கேட்டுக்கு உள்ளே சைக்கிள் வாடகைக் கொட்டகையைப் பார்த்துக்கொள்கிறாள். வாடகைக்குப் போன சைக்கிள்கள் எல்லாம் திரும்பி வந்ததும், பொழுது சாய்வதற்குள் நாயைச் சின்னச் சுற்றுப் பாதையில் ஒரு நடை கூட்டிப்போய் வருவாள். அதற்குள் அவன் ரம்பத்தைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்துவிடுவான். பிறகு இரண்டு பேரும் ஒன்றாக வீட்டுக்குப் போவார்கள். இன்று அவன் எண்ணெய் போட்டு முடித்து, கையைக் கழுவி, வெறும் கொட்டகை வாசலில் நின்று அலுத்துப்போய் வந்திருந்தான்.

மாட்டுகிற பழக்கத்தை ஆரம்பித்து வைத்தவனே அவன்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சேற்றில் ஒற்றைக் கையுறை கிடந்தது. மிதித்துக்கொண்டு போக மனம் வரவில்லை. எடுத்து, பட் பட் என்று இரண்டு உதறு உதறி, சுருண்டிருந்த விரல்களை ஒவ்வொன்றாக இழுத்து நீவி, விரல்கள் கீழே பார்க்கிற மாதிரி ஒரு கிளையில் மாட்டினான், தன் கண்ணுக்கு நேராக. மறுநாள் அது அங்கே இல்லை. சொந்தக்காரர் வந்து எடுத்துப்போயிருந்தார். அன்றிலிருந்து சாவி, தொப்பி, நாய்ப்பட்டை எது கிடந்தாலும் அப்படித்தான். ஷூ என்றால் இரண்டு நாடாவையும் சேர்த்து ஒரு முடிச்சு. ஜாக்கெட் என்றால் காற்றில் நழுவாதபடி ஜிப்பை மேலே வரை இழுத்துவிடுவான். நடக்க வருகிறவர்கள், சைக்கிள்காரர்கள், நாய்க்காரர்கள் எல்லாரும் அவனைப் பார்த்துப் பார்த்து அதே மாதிரி மாட்டப் பழகிக்கொண்டார்கள். எடுக்க வருகிறவர்கள், பக்கத்தில் ஆள் இல்லாவிட்டாலும், "இது என்னோடதுதான்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் எடுப்பார்கள். காட்டில் பார்ப்பதற்குக் கண்களா இல்லை என்று அவன் மனைவி கேலி செய்வாள்.

கிளைகளை இழுத்து வெட்டுகிற துரட்டியைக் கொண்டுவந்து கயிற்றைக் கீழே இழுத்தான். கயிற்றில் ஒரு பொட்டு மண் இல்லை. சீராகச் சுருட்டி, அவன் முடிச்சுப் போடுகிற மாதிரியே நடுவில் ஒரு முடிச்சு.

அப்போதுதான் பழைய பாதை நினைவுக்கு வந்தது.

காலையில் சின்னச் சுற்றுப் பாதையின் குறுக்கே பெரிய மரம் ஒன்று விழுந்திருந்தது. நாளைதான் அறுக்கிற மெஷின் வரும் என்றார் மேஸ்திரி. அதுவரைக்கும் மூடிக் கிடக்கிற பழைய பாதையைத் திறந்து, அம்புக்குறியை அந்தப் பக்கம் திருப்பிவிடச் சொன்னார். மூடின பாதையைத் திறக்கிறவன் முதலில் தன் காலால் அதைக் கடைசிவரை நடந்து பார்க்க வேண்டும். பிறகுதான் பலகையைத் தொடலாம். பாதை வேலையில் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடமே அதுதான். அவன் இரண்டாவது வளைவு வரைக்கும் போனான். காலையிலிருந்து கட்டை சுமந்த முழங்கால் விண்விண் என்று தெறித்தது. பாதையில் என்ன இருக்கப்போகிறது என்று திரும்பி வந்து, அம்புக்குறியைத் திருப்பி போல்ட்டை ஸ்பானரால் முறுக்கிவிட்டான்.

மத்தியானம் கொட்டகையில் அவளிடம் சொன்னான், "இன்னிக்கு பழைய பாதையில போ. நடந்து பாத்துட்டேன். சுத்தமா இருக்கு."

"நெஜமா நடந்தீங்களா, இல்ல வழக்கம்போல பாதியோட திரும்பிட்டீங்களா?"

"முழுசா நடந்தேன் தாயே. சத்தியம் வேற பண்ணணுமா?"

அவள் சைக்கிள் சங்கிலியைத் துடைத்தபடி சிரித்தாள். அவள் போட்டிருந்ததும் அவன் போட்டிருந்ததும் பூங்காவில் வேலை செய்கிற எல்லாருக்கும் கொடுக்கிற ஆரஞ்சு ஜாக்கெட். முதுகிலும் கையிலும் வெளிச்சம் பட்டால் மின்னுகிற பட்டை, கழுத்துக்குப் பின்னால் ஒரு துணி வளையம். "இந்த வளையத்த எதுக்கு வச்சிருக்கான்?" என்று கேட்டாள்.

"சாயங்காலம் கழட்டி ஆணியில மாட்ட."

"கழட்டாமலே மாட்டலாம். நீங்க ஒரு எடத்துல அசையாம இருப்பீங்க."

அந்தச் சிரிப்பு இப்போது காதில் கேட்டது.

"நான் ஆபீசுக்கு போன் பண்றேன்," என்றார் வாட்ச்மேன். "ஆள் வரட்டும், சேந்து போகலாம்."

"அவங்க என்னிக்கு அண்ணே சீக்கிரம் வந்தாங்க? இன்னும் கொஞ்ச நேரத்துல இருட்டிடும்."

"சரி, போ. கேட்டைப் பூட்டிட்டு நானும் பின்னாலயே வர்றேன். எந்தப் பக்கம்னு எப்படித் தெரியும்?"

"அம்புக்குறியப் பாத்து வாங்க."

சொல்லிக்கொண்டே ஓட ஆரம்பித்திருந்தான். ஒரு கையில் டார்ச், தோளில் துரட்டி. நாயைக் கூப்பிட்டான். அது எழுந்து, தலையைத் தொங்கப்போட்டு, கழுத்து மணி மெல்ல ஒலிக்க அவன் காலோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

பாதை பிரிகிற இடத்தில் அவன் திருப்பிவைத்த பலகை அப்படியே நின்றது. காலையில் பூசிய வெள்ளை வண்ணம் மங்கலிலும் பளிச்சென்று தெரிந்தது. ஒரு நொடி நின்றான். பழையபடி திருப்பிவிடலாமா? ஸ்பானரை எடுத்து வரவில்லை. வரும்போது பார்த்துக்கொள்ளலாம். முதலில் அவள்.

முதல் வளைவு வரை அவனுக்குத் தெரிந்த காடுதான். ஈர மண்ணும் அறுத்த மரமும் மக்கிய இலையும் கலந்த, அவன் சட்டையிலிருந்து எத்தனை துவைத்தாலும் போகாத அந்த வாசனை. மரங்களுக்கு நடுவே இடுப்பளவு ஏறி நிற்கிற பனிமூட்டம். அதில் டார்ச் வெளிச்சம் பால் கலந்த தண்ணீர் மாதிரி கொஞ்ச தூரம் பரவி அப்படியே கரைந்து போனது. சேற்றில் அவள் ஷூ தடமும் பக்கத்தில் நாயின் பாதமும் தெளிவாகப் பதிந்திருந்தன. அதைப் பார்த்ததும் மூச்சு கொஞ்சம் இறங்கியது. கால் பிசகியிருக்கும், எங்கேயாவது உட்கார்ந்திருப்பாள், பார்த்ததும் முதல் வேலையாக அவனைத் திட்டுவாள். திட்டட்டும். ஆயுசு முழுக்கத் திட்டட்டும்.

இரண்டாவது வளைவு. காலையில் அவன் திரும்பின இடம். அவன் பூட்ஸ் அரைவட்டம் போட்டுத் திரும்பிய தடம் இன்னும் இருந்தது. அவள் தடம் அதைத் தாண்டிப் போயிருந்தது.

தாண்டினான்.

சாயங்காலமானால் கூடு திரும்புகிற பறவைகளின் கூச்சல் காதை அடைக்கும். இங்கே ஒன்றுகூட இல்லை. இலையிலிருந்து சொட்டுகிற நீர், நாயின் மணி, அவன் மூச்சு. பிறகு எங்கோ முன்னால், பனிக்குள், ஒரு சத்தம். பட். பட். பெரிய பறவை சிறகடித்த மாதிரி. நின்று கேட்டான். அதன் பிறகு எதுவும் இல்லை.

"ஏய்! எங்க இருக்க?"

மரங்கள் அவன் குரலை வாங்கிக்கொண்டன. திருப்பித் தரவில்லை.

அவள் தடம் ஒரு இடத்தில் நின்றுவிட்டது. தடுமாறவில்லை, ஓடவில்லை, திரும்பவில்லை. இடது கால், வலது கால், இடது கால். அடுத்து வெறும் சேறு. நாயின் பாதங்கள் மட்டும் அங்கே வட்டம் வட்டமாகச் சுற்றிவிட்டு, வந்த வழியே திரும்பியிருந்தன.

டார்ச்சை மேலே திருப்பினான்.

அவள் சால்வை. கயிறு தொங்கிய அதே உயரத்தில், ஒரு கிளையில், ஓரங்கள் சரியாக மடித்து. கொஞ்சம் தள்ளி அவள் ஷூக்கள். இரண்டு நாடாவையும் சேர்த்து ஒரு முடிச்சு. அடிப்பாகத்தில் சேறு இல்லை. யாரோ தட்டிச் சுத்தம் செய்திருந்தார்கள்.

துரட்டியை ஊன்றிக்கொண்டான்.

வெளிச்சத்தைச் சுற்றிலும் ஓட்டினபோது மற்றவையும் தெரிந்தன. பாசி பிடித்த கையுறைகள், விரல் எல்லாம் கீழே பார்த்து. வெளுத்துப்போன தொப்பி. நாய்ப்பட்டைகள். முன் சக்கரத்தால் மாட்டிய ஒரு சைக்கிள், கைப்பிடியில் துரு, காற்றில்லாமலேயே மெல்ல ஆடியது. ஒரு குழந்தை வண்டி. காட்டின் இந்தப் பக்கம் யாருமே வருவதில்லை என்று நினைத்திருந்த வருடங்கள் முழுக்க, யாரோ பொறுமையாக, ஒன்றன்பின் ஒன்றாக, அவன் கை செய்கிற மாதிரியே செய்து வைத்திருந்தார்கள். எல்லாம் ஒரே உயரத்தில். அவன் தன் கண்ணுக்கு நேராகத்தான் மாட்டுவான். அப்படியென்றால் இதையெல்லாம் மாட்டினவருக்குக் கண்...

அந்த நினைப்பை முடிக்க அவன் விடவில்லை.

மறுபடியும் அவளுக்குப் போன் போட்டான். பனிக்குள் எங்கோ மணி அடித்தது. அவள் வைத்திருக்கிற அதே பாட்டு. கழுத்தில் நாடா கட்டிப் போட்டிருப்பாளே, அந்தப் போன். சத்தம் முன்னாலிருந்து வரவில்லை. மேலேயிருந்து வந்தது. இலைகளுக்கு நடுவே நீல வெளிச்சம் ஒன்று விட்டு விட்டு மின்னியது.

பாட்டு நின்றது. யாரோ எடுத்துவிட்டார்கள்.

"எங்கம்மா இருக்க? பேசு! பேசுடி!"

போனில் பேச்சு இல்லை. மெல்லிய மணிச் சத்தம் மட்டும் கேட்டது. அவன் முழங்காலுக்குப் பக்கத்தில் நடுங்கிக்கொண்டிருந்த நாயின் கழுத்து மணி. காதிலும் கேட்டது, காலடியிலும் கேட்டது. ஒரே நேரத்தில்.

அவ்வளவு பக்கத்தில்.

ஓடவில்லை. ஓடியிருக்கலாம். கேட்டுக்குப் போகிற வழி பின்னால் திறந்துதான் கிடந்தது. ஆனால் மத்தியானம் அவளிடம் சொன்ன ஒரு வாக்கியம் காலைக் கட்டியது. முழுசா நடந்தேன் தாயே. அந்த வாக்கியத்தை நம்பித்தானே அவள் இந்தச் சேற்றில் கால் வைத்தாள். அவள் இல்லாமல் கேட்டுக்குப் போய் அவன் என்ன செய்வான்? எந்தக் கொட்டகை வாசலில் போய் நிற்பான்?

பனியை விலக்குகிற மாதிரி டார்ச்சை ஆட்டிக்கொண்டே முன்னால் நடந்தான்.

வெளிச்சத்தில் ஏதோ மின்னியது. முதுகுப் பட்டையின் வெள்ளி. கைப்பட்டையின் வெள்ளி.

அவள்தான்.

கழுத்துக்குப் பின்னாலிருந்த துணி வளையத்தைக் கிளையில் மாட்டி, நேராக, அழகாகத் தொங்கவிட்டிருந்தது. தலைமுடி வாரி ஒரு பக்கமாக ஒதுக்கப்பட்டிருந்தது. ஜிப் மேலே வரை, உதட்டை மூடி மூக்கு வரை இழுத்திருந்தது. கைகள் இரண்டும் தொங்கின. விரல்கள் எல்லாம் நீட்டி, கீழே பார்த்து.

கண்கள் மட்டும் அசைந்தன.

உயிரோடு இருந்தாள். அவனைப் பார்த்தாள். அவள் கண்கள் நிறைந்து வழிந்தன. பிறகு அந்தக் கண்கள் அவனை விட்டுவிட்டு, அவன் தலைக்கு மேலே, பின்னால், மெல்ல ஏறின. மறுபடியும் அவனிடம் இறங்கின. இல்லை என்பது போல இடமும் வலமும் உருண்டன. போங்க. போங்க.

"என்னோடது," என்றான். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை. எல்லாரும் சொல்கிறதைத்தான் சொன்னான். "இவ என்னோடவ. நான் வந்துட்டேன். எடுத்துக்கிட்டுப் போயிடறேன். தயவுசெஞ்சு. என்னோடது. என்னோடதுதான்."

துரட்டியைத் தூக்கினான். கொக்கி அவள் கழுத்து வளையத்தை நோக்கி நடுங்கிக்கொண்டு போனது. எட்டவில்லை. குதிகாலில் நின்றான். இன்னும் ஒரு சாண்தான். இன்னும் கொஞ்சம்.

கொக்கி நின்றது. எதிலோ பிடித்த மாதிரி.

பிறகு துரட்டி அவன் கையிலிருந்து நழுவி மேலே போனது. பிடுங்கவில்லை. குழந்தை கையிலிருந்து கத்தியை வாங்குகிற மாதிரி, மெதுவாக. இருட்டுக்குள் அது போவதைப் பார்த்தான். பட். பட். கிளை ஒன்று மெல்ல வளைந்தது. துரட்டி அதில் தொங்கியது.

டார்ச்சும் போனது. அதை மணிக்கட்டோடு சேர்த்து மாட்டியிருந்த பட்டையைக் கழற்றின விரலோ கிளையோ அவன் தோலில் பட்டது. குளிர்ந்து, ஈரமாக, மரப்பட்டை மாதிரி சொரசொரப்பாக. டார்ச் மேலே போய் மாட்டிக்கொண்டு மெல்ல ஆடியது. வெளிச்சம் அவள்மேல் பட்டது. விலகியது. பட்டது.

கத்த வாய் திறந்தான்.

அவன் கழுத்துக்குப் பின்னால் ஜாக்கெட்டின் துணி வளையம் இறுகியது.

தரை போய்விட்டது.

பட்.

எலும்பெல்லாம் குலுங்கியது. பூட்ஸிலிருந்து சேறு கீழே கொட்டியது.

பட்.

ஏதோ கிளையில் வளையம் மாட்டிக்கொண்டது. எதிரே, அதே உயரத்தில், கை நீட்டினால் தொடலாம் போல அவள். இப்போதுதான் எட்டுகிறது. கையைத் தூக்கினான். ஏதோ ஒன்று அதைப் பிடித்து, மெதுவாக, கீழே இறக்கியது. ஜிப் சரசரவென்று ஏறி, உதட்டை மூடியது.

இரண்டு பேருக்கும் நடுவில் இருட்டு நின்றது. அது மூச்சுவிட்டது. மக்கிய இலை வாசனை. அது அவர்கள் கண்ணுக்கு நேராக இருந்தது.

கீழே நாய் உட்கார்ந்தது. குரைக்கவில்லை.

தூரத்தில், பாதை பிரிகிற இடத்தில், ஒரு டார்ச் வெளிச்சம்.

"தம்பி! எங்கப்பா இருக்கீங்க?" வாட்ச்மேன் குரல். மூச்சு வாங்கியது. "இதோ, அம்புக்குறி இருக்கு! வர்றேன்!"

வெளிச்சம் இந்தப் பக்கம் திரும்பியது.

வராதீங்க அண்ணே. துணிக்குள் நாக்கு முட்டியது. முனகல்கூட வரவில்லை. அவள் கண்கள் அவனையே பார்த்தன. அவன் முஷ்டியை இறுக்கி மூடிக்கொண்டான். அந்த ஒன்றுதான் இன்னும் அவனுடையதாக இருந்தது.

ஈரமான ஏதோ ஒன்று அவன் முஷ்டியைத் தடவியது. அவசரமில்லாமல். கட்டைவிரலைப் பிரித்தது. இழுத்து, நீவி, கீழே பார்க்க வைத்தது. ஆள்காட்டி விரல். நடுவிரல். பக்கத்து விரல்.

பாதையில் காலடிச் சத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது.

சுண்டுவிரல்.